டிஸ்மிஸ் ஆனால் பென்ஷன் மொத்தமும் போய்விடுமா?

கேள்வி: தமிழக அரசில் 25 வருஷம் வேலை பார்த்த ஒருவரை ஒழுங்கு நடவடிக்கை எடுத்து டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். பென்ஷன் கிடைக்குமா?

கிடைக்காது. கிராஜுவிட்டியும் போகும். ஆனால் கையில் இருக்கும் உத்தரவை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். "டிஸ்மிஸ்" என்று வீட்டில் சொல்வதும் உத்தரவில் இருப்பதும் பல நேரம் வேறு வேறு. பணியறவு (டிஸ்மிசல்), பணிநீக்கம் (ரிமூவல்) இரண்டிலும் பழைய சர்வீஸ் அத்தனையும் அடிபட்டுப் போகும். கட்டாய ஓய்வு என்றால் கதை வேறு. முழு பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தருவார்கள். சஸ்பெண்ட் என்றால் வேலை போனதாக ஆகாது, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"பென்ஷன் பிச்சையல்ல, சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறதே?" என்பார்கள். 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சொன்னது உண்மைதான். ஆனால் விதியே இல்லாமல் பிடித்து வைக்கக் கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம். நமக்கு 1978-ஆம் வருஷத்து ஓய்வூதிய விதிகளில் அந்த விதி இருக்கிறது.

அதே விதிகளில் கருணைப்படி என்றும் ஒன்று உண்டு. வேலை போனவரின் நிலைமை பரிவுக்குரியது என்று அதிகாரி கருதினால், அவருக்கு வந்திருக்கவேண்டிய பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்கு வரை தரலாம். உரிமை என்று வாதாட முடியாது, மனுப் போட்டுக் கேட்கலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை.

நான் ஊழியர் விவகாரம் பார்க்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் இருந்தபோது இளநிலை உதவியாளர் ஒருவர் குடியால் மாதக்கணக்கில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். 17பி சார்ஜ் (பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு), விசாரணை, கடைசியில் வேலை போயிற்று. தண்டனையையே ரத்து செய் என்று இரண்டு வருஷம் அலைந்து தோற்றார். அவர் மனைவி வந்து, "சார், பி.எஃப். மட்டும்தானா வரும்?" என்று கேட்டபோதுதான், கருணைப்படிக்கு அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை என்று எனக்கே தெரிந்தது. எழுதிக் கொடுத்தோம். பென்ஷனில் பாதி கிடைத்தது. அதில் பெரிய விஷயம், கருணைப்படி வாங்குபவர் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இல்லாவிட்டால் அதுவும் கிடையாது.

எல்லாருக்கும் கிடைக்குமா? லஞ்சம், கையாடல் என்று போனவர் கேட்டால் பெரும்பாலும் கோப்பு திரும்பிவிடும், அது நியாயம்தான் என்பது என் கட்சி. 2014-இல் டெல்லி போலீஸ்காரர் ஒருவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இந்தக் கோட்டைத்தான் போட்டது. அவர் வேலை போனது லீவு சொல்லாமல் நின்றதால். நேர்மையில்லாத செயல், சொந்த லாபத்துக்குச் செய்த தப்பு போன்றவை இல்லாதபோது கருணைப்படிக் கோரிக்கையைச் சும்மா தள்ளக் கூடாது, திரும்பப் பரிசீலியுங்கள் என்று உத்தரவிட்டது.

ஜி.பி.எஃப். (அரசு ஊழியரின் பி.எஃப்.) பணம் எந்தத் தண்டனையிலும் போகாது. 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர் என்றால் மேலே சொன்ன பென்ஷன் விதிகள் பொருந்தாது, அவர்கள் சி.பி.எஸ். என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள்.

உங்கள் ஆளுக்கு மேல்முறையீட்டுக் கெடு இன்னும் இருந்தால், ரத்து செய்யுங்கள் என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். "அல்லது கட்டாய ஓய்வாகக் குறையுங்கள், அதுவும் முடியாவிட்டால் கருணைப்படி வழங்குங்கள்" என்று அதே மனுவில் சேர்த்துவிடுங்கள். எத்தனை வருஷம் சர்வீஸ், படிக்கிற பிள்ளைகள், வைத்தியச் செலவு எல்லாவற்றையும் காகிதத்தோடு இணையுங்கள்.