பாதிக் கடன் தள்ளுபடியா, வட்டிக் குறைப்பா?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். நான்கு கிரெடிட் கார்டுகளில் மொத்தம் 24,000 டாலர் பாக்கி. வட்டி 24 சதவீதம். மினிமம் தொகை மட்டுமே மாதம் 720 டாலர் போகிறது. இதுவரை தவணை தவறியதில்லை, ஆனால் இனி மாதம் 530 டாலருக்கு மேல் முடியாது. கடனைப் பாதியாக்கித் தருவதாக ஒரு செட்டில்மென்ட் நிறுவனம் ஃபோனில் சொல்கிறது. நண்பரோ கிரெடிட் கவுன்சலிங் போகச் சொல்கிறார். எதில் சேரலாம்?

பதில்: கிரெடிட் கவுன்சலிங்கில் சேருங்கள். நிலையான சம்பளம் உள்ள, தவணை தவறாத ஒருவருக்கு செட்டில்மென்ட்டால் வரும் சேதம் மிக அதிகம்.

இப்போது நீங்கள் கட்டும் 720 டாலரில் 480 டாலர் வட்டிக்கே போய்விடுகிறது. அதனால்தான் கடன் கரையவில்லை. கவுன்சலிங் அமைப்பு உங்கள் வரவு செலவைப் பார்த்துவிட்டு, ‘டெட் மேனேஜ்மென்ட் பிளான்’ ஒன்றை வங்கிகளுக்கு அனுப்பும். அசல் குறையாது, வட்டிதான் குறையும். 8 சதவீதத்துக்கு இறங்கினால், ஐந்து ஆண்டுகளில் முடிக்க மாதத் தவணை சுமார் 487 டாலர். அமைப்பின் மாதக் கட்டணம் 35 டாலர் என்று வைத்துக்கொண்டால் 522. உங்கள் 530-க்குள் அடங்கிவிடுகிறது. மொத்தம் சுமார் 31,300 டாலர் கட்டியிருப்பீர்கள். பிளானில் சேர்த்த கார்டுகள் மூடப்படும். அதற்கு இப்போதே மனதளவில் தயாராக வேண்டும்.

செட்டில்மென்ட் கணக்கு வேறு. வங்கி பாதிக்கு இறங்கிவர வேண்டுமானால் நீங்கள் கட்டத் தவறியிருக்க வேண்டும். எனவே கார்டுக்குக் கட்டுவதை நிறுத்தி, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் சேர்க்கச் சொல்வார்கள். அபராதமும் வட்டியும் ஏறி 24,000 டாலர் 28,000 ஆகிறது என்று வைப்போம். பாதிக்கு முடித்தால் 14,000, நிறுவனத்தின் கட்டணம், முதலில் சேர்த்த 24,000 டாலர் கடனில் 20 சதவீதம் என்றால் 4,800, ஆக 18,800. தள்ளுபடியான 14,000 டாலர் பொதுவாக வருமானமாகக் கருதப்படும். 600 டாலரோ அதற்கு மேலோ தள்ளுபடி செய்த வங்கி, அதை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-சி படிவம் அனுப்பும். 22 சதவீத வரி விகிதத்தில் இன்னொரு 3,080. எல்லாம் சேர்த்து 21,880 டாலர். கடன் தள்ளுபடியாவதற்குச் சற்று முன் உங்கள் சொத்தைவிடக் கடன் அதிகம் என்று காட்டினால், படிவம் 982 மூலம் அந்த அளவுக்கு வரிவிலக்கு கேட்கலாம். ஆனால் 401(கே) போன்ற ஓய்வுக்கால சேமிப்பையும் சொத்தில் கணக்கிடுவார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆக, கவுன்சலிங்கைவிட ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் மிச்சம். அதை நான் மறுக்கவில்லை. நான்கு வங்கிகளும் ஒப்புக்கொண்டால் மட்டுமே அந்த மிச்சம் கைக்கு வரும் என்பதுதான் சிக்கல். எந்த வங்கிக்கும் பேரம் பேசும் கட்டாயம் இல்லை. 530 டாலர் வீதம் 18,800 சேரவே மூன்று ஆண்டு ஆகும். கார்டு பாக்கியோ 180 நாளில் சார்ஜ்-ஆஃப் ஆகிவிடும், அதாவது வங்கி அதை வாராக்கடனாக எழுதிவிடும். நடுவில் ஒரு வங்கி வழக்குப் போட்டு ஜெயித்தால், பல மாநிலங்களில் சம்பளத்திலேயே பிடித்தம் செய்ய முடியும். சட்டப்படியான பிடித்தங்கள் போக மிஞ்சும் சம்பளத்தில் அதிகபட்சம் 25 சதவீதம் வரை. செட்டில்மென்ட் நிறுவனத்தில் சேர்ந்திருப்பது வழக்கைத் தடுக்காது. தவணை தவறிய பதிவும் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏழு ஆண்டு நிற்கும்.

அந்த நிறுவனம் முன்பணம் கேட்டால் ஃபோனை வைத்துவிடுங்கள். ஃபோனில் ஆள் சேர்க்கும் செட்டில்மென்ட் நிறுவனங்கள், ஒரு கடனையாவது முடித்து, நீங்கள் சம்மதித்து, வங்கிக்கு ஒரு தவணையாவது போய்ச் சேரும் முன் கட்டணம் வாங்கக்கூடாது என்பது 2010 அக்டோபர் முதல் மத்திய அரசின் விதி. தனிக் கணக்கில் உள்ள பணமும் உங்களுடையதே. எப்போது விலகினாலும் அபராதமின்றி ஏழு வேலை நாட்களுக்குள் திரும்பத் தர வேண்டும்.

கவுன்சலிங் அமைப்பையும் பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம். லாப நோக்கற்றது என்ற பலகைக்குப் பின்னாலும் அதிகக் கட்டணம் வாங்குகிறவர்கள் உண்டு. என்.எஃப்.சி.சி. என்ற தேசியக் கூட்டமைப்பின் உறுப்பினரா, உங்கள் மாநிலத்தில் உரிமம் உண்டா என்று பாருங்கள். கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதல் பேச்சுக்கு சம்பளச் சீட்டு, நான்கு கார்டுகளின் கடைசி ஸ்டேட்மென்ட், மாதச் செலவுப் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும். முதல் பேச்சிலேயே, செலவைப் பார்க்காமல் பிளானில் சேரச் சொன்னால் வேறு இடம் தேடுங்கள்.

பிளான் தொடக்கத்திலேயே தடுமாறக்கூடும். வங்கி ஒப்புக்கொண்டதாக உறுதியாகும் வரை மினிமம் தொகையை எப்படியாவது நேரடியாகக் கட்டுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டிலும் வட்டி குறைந்திருக்கிறதா, பணம் கெடு தேதிக்கு முன் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். பிளான் தவணை தவறினால் வங்கி வட்டிச் சலுகையை ரத்து செய்யலாம். ஆகவே சம்பளம் வந்த மறுநாளே பணம் எடுக்கும்படி தேதி வையுங்கள்.

வேலை போய் 522 டாலரும் கட்ட முடியாத நிலை வந்தால், செட்டில்மென்ட் நிறுவனத்துக்குப் போகும் முன் திவால் சட்ட வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். திவால் மனு தாக்கல் செய்தால், செட்டில்மென்ட்டில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்: வங்கிகளின் வழக்கும் வசூலும் பெரும்பாலும் அந்த நிமிடமே நிற்கும்.