வெளியிலிருந்து கழற்ற முடியாத, எல்லாக் கதவுக்கும் பொருந்துகிற தாழ்ப்பாளை வடிவமைக்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் கேட்கிற இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. எல்லாக் கதவுக்கும் பொருந்த வேண்டுமென்றால் எங்காவது நகர்த்தி வைக்க இடம் விட வேண்டும். நாம் நகர்த்த விட்ட இடத்தில்தான் திருடனும் கை வைப்பான். கேள்வியைப் பார்த்தால் கல்லூரி ப்ராஜெக்ட் போலத் தெரிகிறது. விரல்ரேகை, புளூடூத் என்று எதையாவது ஏற்கெனவே வரைந்து வைத்திருப்பீர்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு நாதாங்கியிலிருந்து, அதாவது தாழ்ப்பாள் போய் மாட்டிக்கொள்கிற, கதவுச் சட்டத்தில் அடித்திருக்கும் தகட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

எங்களுடையது திண்டுக்கல்லில் ஒரு சின்னப் பட்டறை. அப்பா காலத்தில் மாங்காய்ப் பூட்டு செய்தோம், இப்போது பெரும்பாலும் தாழ்ப்பாளும் ஆல்ட்ராப்பும்தான் (பூட்டு மாட்டுகிற பெரிய தாழ்). (2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதனால் எங்களுக்கு ஆர்டர் கூடிவிடவில்லை, அது வேறு கதை.)

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். பழநிக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் மொட்டைமாடிக் கதவு திறந்து கிடக்கிறது. நேராகப் பட்டறைக்கு வந்து, எங்களிடம் வாங்கிய பூட்டை மேசைமேல் வைத்தார். அவரே சாவி போட்டுத் திறந்து எடுத்து வந்திருக்கிறார். ஒரு கீறல்கூட இல்லை. "பூட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, வீட்லதான் ஒண்ணும் இல்ல" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போய்ப் பார்த்தேன். கதவு நிலையில் (சட்டத்தில்) நாதாங்கி நின்றது முக்கால் அங்குல மர ஸ்க்ரூவில். ஓட்டைகளில் மரம் சக்கை சக்கையாகப் பிய்ந்திருந்தது. பெரிய ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து ஒரு நெம்பு, அவ்வளவுதான் வேலை. நம் ஊரில் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கதவில் கஜலட்சுமி செதுக்குவார்கள், ஸ்க்ரூ மட்டும் பெட்டிக்குள் வந்ததையே போடுவார்கள்.

டீச்சர் கேட்டதும் உங்கள் கேள்விதான். முன்வாசலில் மாமனார் காலத்துத் தேக்கு இரட்டைக் கதவு, பின்பக்கம் 30 மி.மீ. ஃப்ளஷ் கதவு, மாடியில் புதிதாகப் போடப்போகிற இரும்புக் கதவு. மூன்றுக்கும் ஒரே மாதிரி வேண்டும் என்றார். செய்து கொடுத்தோம்.

தாழ்ப்பாளை மர ஸ்க்ரூவில் நிறுத்தாமல், கதவை ஊடுருவிப் போகும் கேரியேஜ் போல்ட்டில் நிறுத்தினோம். அதன் தலை உருண்டை, ஸ்பேனர் பிடிக்காது. தலைக்குக் கீழே சதுரக் கழுத்து இருக்கும். தகட்டில் சதுர ஓட்டை போட்டால் கழுத்து அதில் உட்கார்ந்துகொள்ளும், வெளியிலிருந்து திருகினாலும் சுற்றாது. நட் வீட்டுக்குள். கதவின் கனம் மாறுவதற்கு ஸ்லீவ் நட் போதும். அது குழாய் மாதிரி கதவுக்குள்ளேயே இறங்குவதால், போல்ட் நீளத்தில் வருகிற வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடும். இரும்புக் கதவில் மட்டும் இரண்டு தகட்டுக்கு நடுவே வெற்றிடம். அங்கே ஒரு குழாய்த் துண்டை முட்டுக் கொடுக்காமல் முடுக்கினால் தகடு உள்ளே குழிந்துவிடும்.

சிக்கலே நாதாங்கிதான். அதில் மேல்கீழாக நீள ஓட்டை போட்டோம், ஏனென்றால் கீல் தேயத் தேயக் கதவு கீழேதான் இறங்கும். முன்பின்னாக ஆட இடமே விடக்கூடாது, அந்த ஆட்டத்தில்தான் திருடனின் கம்பி நுழையும். ஐப்பசி மழையில் மரம் உப்பும், பங்குனியில் சுருங்கும். அதனால் முதலில் நீள ஓட்டையில் மட்டும் முடுக்கி, ஒரு மழைக்காலம் போனபிறகு இடம் நிலைத்ததும் பக்கத்தில் இருக்கும் வட்ட ஓட்டைகளில் மூன்று அங்குல ஸ்க்ரூவை இறக்க வேண்டும். அப்புறம் அது நகராது. ஸ்க்ரூத் தலைகள் கதவு சாத்தியதும் மறைகிற பக்கத்தில் வரவேண்டும். உங்கள் படத்தில் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் தாழ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதன் நாக்கு சரிவாக இருப்பதால், இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகி உள்ளே தள்ளிவிடலாம். நல்ல தாழில் பெரிய நாக்கை ஒட்டி ஒரு சின்ன நாக்கு இருக்கும். கதவு சாத்தியிருக்கும்போது அது தகட்டில் அழுந்தி நின்றால் பெரிய நாக்கு பின்வாங்காது. ஆனால் இடைவெளி அதிகமான கதவில் சின்ன நாக்கும் ஓட்டைக்குள் விழுந்துவிடும், போட்ட காசு வீண். கதவு விளிம்பிலிருந்து கைப்பிடி இருக்கிற தூரத்துக்கு 60, 70 மி.மீ. இரண்டுக்கும் மாற்றிக்கொள்கிற தாழ்கள் கடையிலேயே கிடைக்கின்றன, அதற்கு நீங்கள் மெனக்கெட வேண்டாம்.

திருடனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான் என்று யாராவது கமெண்டில் வருவார்கள். 1851இல் லண்டன் கண்காட்சி நடந்தபோது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறப்பவருக்கு 200 கினி (அந்தக் காலத்து ஆங்கிலேயப் பணம்) என்று பந்தயம் கட்டி பிரமா கம்பெனி தன் கடை ஜன்னலில் மாட்டியிருந்த பூட்டைத் திறந்து காட்டினார். அவரிடமும் இதையேதான் கேட்டார்கள். திருடர்களுக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும் என்பதுதான் அன்றைக்கு வந்த பதில். ஸ்மார்ட் லாக் விற்பவர்களும் கோபிக்க வேண்டாம். உங்கள் பூட்டை நான் குறை சொல்லவில்லை, அது கட்டிப்பிடித்து நிற்கிற கதவு நிலையைத்தான் சொல்கிறேன்.

எழுதுகிறபோதே இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். இதே தாழ்ப்பாளை ஒரு இணையக் கடையில் போட்டிருக்கிறோம். ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். காரணம், டெலிவரி பையன் மதியம் தூங்குகிற நேரத்தில் மணி அடித்தானாம்! அதை நீக்கச் சொல்லி எழுதினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வருகிறது. அந்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் வாங்காமல் போனார்களோ.

சரி, கடைசியாக ஒன்று. குளியலறைக் கதவுக்கு மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். வயதானவர்கள் உள்ளே வழுக்கி விழுந்தால் வெளியிலிருந்து திறக்க முடிய வேண்டும். வெளிப்பக்கம் ஒரு கீற்று இருக்கும், நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். அப்படிப்பட்ட தாழ் கடையில் கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள்.