பிழைப் பட்டியல் விமர்சனம் ஆகுமா?

கேள்வி: நான் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரிகிறேன். எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கம் நடத்தும் சிற்றிதழுக்காக ‘போர்ட்வாக் எம்பயர்’ தொடரின் முதல் எபிசோடைப் பற்றி எட்டுப் பக்கத்துக்கு ஒரு விமர்சனம் எழுதிக் கொடுத்தேன். 1920ஆம் ஆண்டு அமெரிக்க மதுவிலக்கின் பின்னணியில் நடக்கும் கேங்ஸ்டர் கதை என்பதால், நூல்களைப் புரட்டி அதில் உள்ள வரலாற்றுப் பிழைகளையும் பட்டியலிட்டிருந்தேன். “கதைச் சுருக்கம் இருக்கிறது, பிழைத்திருத்தம் இருக்கிறது, விமர்சனத்தைத்தான் காணோம்” என்று குறிப்பெழுதி ஆசிரியர் திருப்பிவிட்டார். வரலாற்றுக் கதையில் வரலாறு தவறாக இருந்தால் அதைச் சுட்டுவது விமர்சனம் இல்லையா? ஐந்து சீசன் ஓடிய தொடரில் ஒரே ஒரு எபிசோடை எடுத்து விமர்சிப்பது முறைதானா? யார் சாகிறார்கள் என்பதைச் சொல்லலாமா? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எட்டுப் பக்கத்தில் ஐந்து பக்கம் கதை, இரண்டரைப் பக்கம் பிழைகள், மீதி அரைப் பக்கம் பாராட்டு. ஆசிரியரின் குறிப்பு கொஞ்சம் கடுமையாக இருந்தாலும் அதில் தவறில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு: நீங்கள் தேடி எடுத்த பிழைகளுக்குள்ளேயே ஒரு நல்ல விமர்சனத்துக்கான சரக்கு கிடக்கிறது. எல்லாப் பிழைகளையும் ஒரே தராசில் நிறுத்ததுதான் கோளாறாகிவிட்டது.

இரண்டு பிழைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். கதாநாயகன் நக்கி தாம்ப்சன் 1920 ஜனவரியில், நியூ ஜெர்சியின் கடற்கரை நகரமான அட்லாண்டிக் சிட்டியின் ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில் வாழ்வதாகக் காட்டுகிறார்கள். அந்த ஹோட்டல் 1921இல்தான் திறக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சரியான தகவல். அடுத்ததாக, சிகாகோவின் தாதா ‘பிக் ஜிம்’ கொலோசிமோ எபிசோடின் இறுதியில் சுட்டுக் கொல்லப்படுகிறார். உண்மையில் அந்தக் கொலை நடந்தது 1920 மே 11ஆம் தேதி, அதாவது கதை நடக்கும் காலத்துக்கு ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து என்கிறீர்கள். இதுவும் சரி. இரண்டையும் அடுத்தடுத்த வரியில், ஒரே தொனியில் குறை சொல்லிவிட்டு மூன்றாவதற்குப் போய்விட்டீர்கள்.

ஹோட்டல் விஷயத்தால் கதையில் ஒரு துரும்பும் அசையவில்லை. நக்கிக்கு ஒரு மாடியும் பணியாளும் ஜன்னலும் வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் காட்சி அப்படியேதான் இருக்கும். கொலோசிமோவின் கொலை அப்படியல்ல. அதை நான்கு மாதம் முன்னுக்கு இழுத்ததால்தான், நாடெங்கும் சாராயக் கடைகள் அடைபடும் அதே நாள்களில் பழைய தலைமுறை ரவுடிகளும் கணக்கு முடிக்கப்படுகிறார்கள் என்ற எண்ணம் பார்வையாளருக்கு உண்டாகிறது. கொலோசிமோவுக்குப் பின் அவருடைய தொழிலைக் கைப்பற்றியவர் ஜானி டோரியோ. கொலையை அவர்தான் ஏற்பாடு செய்தார் என்று பரவலாக நம்பப்பட்டாலும் அந்த வழக்கில் யாரும் தண்டிக்கப்படவில்லை. டோரியோவுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப்போகிற அல் கபோன், இந்த எபிசோடில் வெறும் டிரைவராகக் காருக்குப் பக்கத்தில் நின்று வாயடித்துக்கொண்டிருக்கிறான். ஆக, இது கவனக்குறைவால் வந்த பிழையே அல்ல. தெரிந்தே செய்த மாற்றம். இதை எதற்காகச் செய்தார்கள், செய்ததற்குப் பலன் கிடைத்ததா என்று நீங்கள் கேட்டு, உங்கள் விடையை எழுதியிருந்தால் அந்தப் பத்தி விமர்சனமாகியிருக்கும். பலன் கிடைத்தது என்பது என் கருத்து. இறுதித் தொகுப்பில் அந்தக் கொலை மற்றச் சாவுகளோடு சேர்ந்து வரும் வேகத்தில் ஒரு யுகமே கை மாறுவது போன்ற உணர்வு வருகிறது. அது சற்றே மிகையான அலங்காரம், எபிசோடை இயக்கிய மார்ட்டின் ஸ்கோர்செஸி தன் கைப்பழக்கத்தில் செய்தது என்று ஒருவர் வாதிட்டால் அதையும் ஒப்புக்கொள்வேன். எந்தப் பக்கம் நின்றாலும் சரி, ஒரு பக்கம் நில்லுங்கள்.

இதே கேள்வியைப் பெயர்களைப் பற்றியும் கேட்டிருக்கலாம். அட்லாண்டிக் சிட்டியை உண்மையில் ஆட்டிப்படைத்தவர் ஈனக் ‘நக்கி’ ஜான்சன். மாவட்டப் பொருளாளர் என்ற சாதுவான பதவியில் உட்கார்ந்துகொண்டு ஊரையே மடியில் கட்டிவைத்திருந்தவர். 1941இல் வரி ஏய்ப்புக்காகச் சிறை சென்று, 1945இல் வெளியே வந்து, 1968இல் தன் 85ஆவது வயதில் காலமானார். தொடரில் அவர் ஜான்சன் அல்ல, தாம்ப்சன். ஆனால் அல் கபோன், லக்கி லூசியானோ, ஆர்னால்ட் ரோத்ஸ்டைன் ஆகிய நிஜ நிழலுலகப் புள்ளிகள் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். இதை நீங்கள் “முரண்பாடு” என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள். ரோத்ஸ்டைன் 1928 நவம்பரில்தான் சாவார் என்பது வரலாறு தெரிந்த பார்வையாளருக்குத் தெரியும். கபோனுக்கு இந்த எபிசோடில் ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். அவர்களுக்கெல்லாம் வரலாறே கவசம். காட்டுப்பாதையில் துப்பாக்கி நீளும்போது கபோனுக்காக நாம் பதறுவதில்லை. அவனோடு நிற்கும் ஜிம்மி டார்மடிக்காகத்தான் பதறுகிறோம், ஏனென்றால் ஜிம்மி கற்பனைப் பாத்திரம், அவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். குடும்பப் பெயரை மாற்றியதால் நக்கியும் அந்தக் கவசத்தைக் கழற்றி வைத்தவராகிவிடுகிறார். அதைக் கடைசி சீசனில் என்ன செய்தார்கள் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

அல் கபோன் பிறந்தது 1899 ஜனவரி 17. மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 17. சட்டம் பிறந்த அன்றைக்கு அவனுக்குச் சரியாக இருபத்தொரு வயது. எபிசோடில் இதை யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டது நல்லதுதான். இதுபோன்ற தகவலைத்தான் உங்களைப் போல நூலகத்தில் இருப்பவர் வாசகருக்குத் தேடித் தர வேண்டும்.

நீங்கள் மற்றவர்களின் பிழைகளைத் தேடிய அவசரத்தில் உங்கள் கட்டுரையிலும் ஒன்று நுழைந்துவிட்டது. “நள்ளிரவு முதல் மது அருந்துவது குற்றமாகிவிட்டது” என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மதுவிலக்கு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அமெரிக்க அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் தடை செய்தது மது தயாரிப்பதை, விற்பதை, ஏற்றிச் செல்வதை, இறக்குமதி ஏற்றுமதி செய்வதை, குடிப்பதை அல்ல. முன்பே வாங்கி வைத்த சரக்கை வீட்டில் உட்கார்ந்து குடிக்கலாம். மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மருந்தாக விஸ்கி வாங்கலாம். இது சட்டப் புத்தகத்து நுணுக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், எபிசோடின் அச்சாணியே இதுதான். குடிப்பவன் அப்படியே இருக்கிறான், கடை மட்டும் இல்லை என்றால் விலை எங்கே போகும்? இதை நகரத்தின் பெரிய மனிதர்களுக்கு நக்கி விளக்கும் காட்சியில் அவர்கள் முகத்தில் படரும் மகிழ்ச்சியைப் பாருங்கள். நள்ளிரவில் கேளிக்கை விடுதியில் துக்கம் கொண்டாடுகிறவர்களில் பலர் மறுநாள் முதல் பணக்காரர் ஆகப்போகிறவர்கள்.

இனிக் கதைச் சுருக்கம். ஒரு எபிசோடை மட்டும் விமர்சிப்பதில் முறைகேடு எதுவும் இல்லை, அதிலும் இது முதல் எபிசோட். ஏறத்தாழ எழுபது நிமிடம் ஓடும், தனிப் படம்போலவே கட்டப்பட்டது. 2010 செப்டம்பரில் ஒளிபரப்பாகி, அடுத்த ஆண்டு ஸ்கோர்செஸிக்கு இயக்கத்துக்கான எம்மி விருதையும் வாங்கித் தந்தது. ஆனால் விமர்சகர் கதை சொல்ல வேண்டியது, தான் பேசப்போகும் இடத்துக்கு வாசகர் வந்து சேரும் அளவுக்குத்தான். நான்கு வாக்கியம் போதும். என் வழக்கத்தைச் சொல்கிறேன்: முதல் முறை பார்க்கும்போது பேனாவைத் தொடுவதில்லை. ஒரு நாள் விட்டு, நினைவில் தானாக எந்தக் காட்சி வருகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, இரண்டாம் முறை அந்தக் காட்சிக்காகவே பார்ப்பேன். சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது, கண் எழுத்தில் இருந்து விடுபட்டு முகங்களுக்குப் போகும்.

எனக்கு நினைவில் வந்தது துப்பாக்கிக் காட்சி எதுவும் அல்ல. கடற்கரை மரப்பாதையில் நடந்து போகும் நக்கி ஒரு கண்ணாடி ஜன்னல் முன்னால் நிற்கிறார். உள்ளே, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் இன்குபேட்டர் பெட்டிகளில் கிடக்கின்றன. வெள்ளுடை அணிந்த தாதியர் அவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் கட்டுரையில் இதற்கு “வினோதமான ஒரு கற்பனைக் காட்சி” என்று அரை வரி. இது கற்பனையே அல்ல. மார்ட்டின் கூனி என்பவர் நியூயார்க்கின் கேளிக்கைக் கடற்கரையான கோனி ஐலண்டில் 1903 முதல் 1943 வரை இத்தகைய காட்சிக்கூடத்தை நடத்தினார். அட்லாண்டிக் சிட்டியின் மரப்பாதையிலும் அவருடைய கூடம் இருந்தது. மருத்துவமனைகள் கைவிட்ட குழந்தைகளைப் பெற்றோரிடம் காசு வாங்காமல் அவர் காப்பாற்றினார். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் 25 சென்ட் கட்டணத்தில்தான் அந்த வைத்தியம் நடந்தது. ராட்டினத்துக்கும் மிட்டாய்க் கடைக்கும் நடுவில், சீட்டு வாங்கிப் பார்க்கும் பொருளாக உயிர். அந்த ஊரைப் பற்றி இதைவிடக் கூர்மையாக வேறெந்தக் காட்சி சொல்கிறது?

இப்போது அந்த ஜன்னலிலிருந்து கதையைப் பிடியுங்கள். கர்ப்பிணியான மார்கரெட் ஷ்ரோடர், தன் கணவனுக்கு வேலை கேட்டு நக்கியிடம் வருகிறாள். அவர் பணம் கொடுத்து, காரில் வீட்டுக்கு அனுப்புகிறார். அந்தப் பணம் கணவனின் சூதாட்டத்துக்குப் போகிறது, அவளுக்கு அடி கிடைக்கிறது, கரு கலைகிறது. எபிசோடின் முடிவில் மருத்துவமனையில் அவள் கட்டிலருகே நக்கி நிற்கும்போது ஜன்னல் காட்சி தானாகத் திரும்பி வருகிறது. முன்பு கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர், இப்போது உள்ளே வந்துவிட்டார். வருவதற்கு ஒரு மனிதனைக் கொன்று கடலில் போட வேண்டியிருந்தது. நான் எழுதுவதாக இருந்தால் கட்டுரையின் முதல் பத்தி அந்த ஜன்னலாகத்தான் இருக்கும்.

யார் சாகிறார் என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். வெளியாகி இத்தனை ஆண்டு ஆன எபிசோடுக்குள் நடப்பதைத் தாராளமாகச் சொல்லலாம், தொடக்கத்திலேயே ஒரு வரி எச்சரிக்கை வைத்துவிடுங்கள். பின்னால் வரும் சீசன்களில் நடப்பதைத் தொடாதீர்கள். முதல் எபிசோடை அதன் அறியாமையோடேயே மதிப்பிடுவதுதான் நியாயம். “பாதி ரவுடியாக இருக்க முடியாது” என்று ஜிம்மி நக்கியிடம் சொல்லும் வசனத்தோடு கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். இந்த எபிசோடைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேராவது அப்படித்தான் முடிக்கிறார்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, தொடக்கத்தில் வரும் ஒரு காட்சிக்குத் திரும்பிப் போங்கள். மதுவிலக்கு கோரும் மாதர் கூட்டத்தில், பனிக்காலத்தில் தன் குடும்பம் பட்டினி கிடந்ததையும் சிறுவனான தான் துடைப்பத்தால் எலி அடித்துக் கொண்டுவந்ததையும் நக்கி தழுதழுத்த குரலில் சொல்ல, பெண்கள் கண்ணீர் விடுகிறார்கள். பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைக்க இன்னும் ஏழு மாதம்தான் இருக்கிறது, அந்தக் கண்ணீர் நக்கிக்கு வேண்டும். வெளியே வந்ததும், நல்ல கதைக்குக் குறுக்கே உண்மையை வரவிடக் கூடாது என்று ஜிம்மிக்குப் பாடம் நடத்துகிறார். எழுதியவர் டெரன்ஸ் வின்டர், தன் தொடர் வரலாற்றோடு செய்துகொள்ளப்போகும் உடன்படிக்கையைப் பாத்திரத்தின் வாயாலேயே அங்கே வாசித்துக்காட்டிவிடுகிறார். கொலோசிமோவின் தேதியை அந்தக் காட்சிக்குப் பக்கத்தில் வைத்து எழுதிப் பாருங்கள். ரிட்ஸ் கார்ல்டனை விட்டுவிடுங்கள்.