முழு இருதயத்தோடு தேவனை நேசிப்பது என்றால் அன்றாட வாழ்வில் என்ன?

ஞாயிறு ஆராதனைக்கு ஒரு மனம், திங்கட்கிழமைக் கடைக்கு வேறொரு மனம் என்று பிரிக்காமல் வாழ்வதுதான். மாற்கு 12:30-இல் இயேசு இருதயம், ஆத்துமா, மனம், பலம் எல்லாவற்றையும் கேட்கிறார். பலம் பெரும்பாலும் வேலையில்தானே செலவாகிறது! தராசு சரியாக நிற்பதும் இதில் சேர்த்திதான்.

பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுச் சமைக்கும் தாய்க்குக் கை அடுப்பில், காது தூளியில். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்தில் சமைத்த சகோதரர் லாரன்ஸ் என்ற துறவி அப்படித்தான் வாழ்ந்தார். இத்தனைக்கும் சமையல் அவருக்குப் பிடிக்காத வேலை. ஆனாலும் ஜெபவேளையில் போலவே அடுக்களை இரைச்சலிலும் தேவனோடு இருந்தார்.

இதற்கு வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் 'எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்' என்று வேதாகமத்தின் கொலோசெயர் நிருபம் 3-ஆம் அதிகாரத்தில் சொல்லப்பட்டது போதகர்களுக்கு அல்ல, வீட்டு அடிமைகளுக்கு.