நாற்பதாவது மாடியில் வீடு வாங்கலாமா? காற்றில் கட்டடம் ஆடுமாமே?

ஆடும், உண்மைதான். ஆனால் அது பழுதின் அறிகுறி இல்லை. கொஞ்சம் வளைந்து கொடுக்கும்படிதான் வடிவமைக்கிறார்கள்.

கட்டடத்தின் இரு பக்கமும் காற்று மாறி மாறிச் சுழல்களாகப் பிரிந்து போகும். அந்தத் தாளம் கட்டடத்தின் இயல்பான அசைவோடு ஒத்துப்போனால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். இதைக் கலைக்கத்தான் 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபா மேலே போகப் போக உருவம் மாறிச் சிறுக்கிறது. தைவானின் தைப்பே 101 கட்டடம் வேறு வழியில் போனது. அதன் உச்சிப் பகுதியில் 660 டன் எஃகுக் குண்டு ஒன்று தொங்குகிறது. கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்தால் குண்டு பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்கும். அதோடு பிணைத்த எண்ணெய் உருளைகள் அந்த ஆற்றலை வெப்பமாக்கிவிடும். 2015 சூறாவளியில் இந்தக் குண்டு ஒரு மீட்டர் வரை நகர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் வேலை இது.

சரி, வீட்டுக்குள் என்ன தெரியும்? புயல் நாளில் தொங்குவிளக்கு லேசாக அசையலாம், கழிப்பறைக் கிண்ணத்து நீர் தளும்பலாம், சுவர் இணைப்புகள் கிறீச்சிடலாம். சிலருக்குத் தலைசுற்றும். பயணத்தில் குமட்டல் வருகிறவர் என்றால் கீழ்மாடி பாருங்கள்.

என் கவலையெல்லாம் தீயைப் பற்றித்தான். தீயணைப்பு வண்டியின் ஏணி பெரும்பாலும் நாற்பதாவது மாடிக்கு எட்டாது. புகை நுழையாத படிக்கட்டுதான் உயிர்வழி. கையெழுத்துப் போடும் முன் அதில் ஒருமுறை கீழே வரை இறங்கிப் பாருங்கள்: கதவுகள் தானாக மூடுகின்றனவா, வழியில் யாராவது சாமான் அடைத்திருக்கிறார்களா, இருட்டினால் விளக்கு எரியுமா?