தேர்தலில் நிற்க ஆசைப்படும் மகளை எங்கே படிக்க வைப்பது?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அரசியல் அறிவியல் படித்து, மாநில அரசில் வேலை பார்த்து, ஒருநாள் தேர்தலில் நிற்க வேண்டுமாம். நாத்தனார் வீட்டிலோ, "அரசியல்தான் என்றால் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகமாவது வேண்டும், இல்லாவிட்டால் யார் மதிப்பார்கள்?" என்கிறார்களாம். செலவில் பாதிக்கு மேல் கடன்.

பயப்படாதீர்கள் அம்மா. ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள். தவணை கட்டப்போவது நாத்தனார் இல்லை, நீங்கள்.

உங்கள் மாநிலத்தின் கவர்னராக இருந்த நடிகர் அர்னால்டு ஸ்வார்ஸ்நேகரையே எடுத்துக்கொள்வோம். 1947-இல் ஆஸ்திரியாவின் தால் கிராமத்தில் பிறந்தவர். அப்பா போலீஸ்காரர், மகனும் போலீஸாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகனின் மனமோ உடற்பயிற்சிக் கூடத்தில். 1968-இல் அமெரிக்கா வந்தார், ஆங்கிலம் அரைகுறை. பயிற்சி, நண்பர் ஃபிராங்கோ கொலம்புவுடன் கொத்து வேலைத் தொழில், இதற்கிடையே சாண்டா மோனிகாவின் சமுதாயக் கல்லூரியில், அதாவது முதல் இரண்டு ஆண்டுப் படிப்பைத் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரியில், வகுப்புகள். அப்படிச் சேர்த்த யூனிட்டுகளை, அதாவது படித்து முடித்த பாடங்களின் கணக்கை, கொண்டுபோய் விஸ்கான்சின்-சுப்பீரியர் பல்கலைக்கழகத்தில் 1979-இல் பட்டம் வாங்கினார். அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

சினிமாப் புகழ்தானே ஜெயிக்க வைத்தது என்பீர்கள். பெரும்பங்கு அதுதான். ஆனால் 2003-இல் கவர்னர் ஆவதற்கு முந்தைய ஆண்டே, தினமும் பள்ளி நேரம் முடிந்த பின் பிள்ளைகளுக்கான வகுப்புகளுக்கு நிதி கேட்கும் 49-ஆம் முன்மொழிவைத் தூக்கிப்பிடித்து, மக்கள் வாக்கெடுப்பில் ஜெயிக்க வைத்தவர் அவர். 2006-இல் மறுபடியும் கவர்னராகத் தேர்வானார். அவருடைய கல்லூரிப் பெயர் எந்த இடத்திலும் குறுக்கே நிற்கவில்லை.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். உங்கள் ஊரிலேயே ஓலோனி சமுதாயக் கல்லூரி இருக்கிறது. மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு வருடத்துக்கு 60 யூனிட் என்றால் வகுப்புக் கட்டணம் 2,760 டாலர்தான். முதல்முறை கல்லூரி சேர்ந்து முழுநேரம் படிப்பவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்யும் திட்டம் உண்டு, விசாரியுங்கள். சாப்பாடும் தூக்கமும் உங்கள் வீட்டில்.

அப்புறம் மூன்றாம் ஆண்டுக்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். டேவிஸ், இர்வைன், சாண்டா பார்பரா உட்பட ஆறு வளாகங்கள், கேட்ட பாடங்களும் மதிப்பெண்ணும் இருந்தால் இடத்துக்கு முன்கூட்டியே உத்தரவாதம் தருகின்றன. அதற்கு ஒரே ஒரு வளாகத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மாறும் ஆண்டுக்கு முந்தைய செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோவில் இந்த உத்தரவாதம் கிடையாது. ஆனால் அங்கும் சமுதாயக் கல்லூரிப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். எந்த வகுப்பு எந்த வளாகத்தில் செல்லும் என்று அசிஸ்ட் இணையதளத்தில் முதல் நாளே பாருங்கள். இதைப் பார்க்காமல் பாடம் எடுத்துவிட்டு ஒரு வருடத்தை இழக்கும் பிள்ளைகள் உண்டு.

என் கணக்கில் இன்னொரு லாபம், வீட்டிலிருந்து படிப்பதால் உள்ளூர் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் பயிற்சி கேட்கலாம். குறை சொல்ல வருபவர்களின் தொலைபேசியை எடுத்துப் பேசிப் பழகட்டும். அது அலுக்கவில்லை என்றால் அவள் ஆசை நிஜம்.

கம்ப்யூட்டர் படிப்புக்குத் திருப்பலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. இந்த வாரமே ஓலோனியின் ஆலோசகரிடம் மகளைத் தனியாகப் பேச விடுங்கள். இரண்டு வருடப் பாடத்திட்டத்தை எழுத்தில் வாங்கி வரட்டும். அது கைக்கு வரும்வரை எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.