ரத்தக்குழாய்த் தசைச் செல்கள்: கோத்தகிரியிலிருந்து பதில்கள்

தசைச் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தே ஓய்வு பெற்றவன் நான். வெளியே மழை விடவில்லை, கேளுங்கள்.

உதகை மாணவி: சார், செல்களுக்கு பி.டி.ஜி.எஃப். என்ற, தட்டணுவிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தேன். செல்கள் பெருகின, ஆல்ஃபா ஆக்டின் என்ற புரதம் குறைந்துவிட்டது. வளர்ச்சிக் காரணி என்றால் எல்லாப் புரதமும் கூட வேண்டாமா?

பெயர்தான் ஏமாற்றுகிறது, அம்மா. ‘வேலையை மாற்று’ என்பதும் அதன் கட்டளைதான். சுருங்குவது இந்தச் செல்லின் தொழில். ஆல்ஃபா ஆக்டின், கால்போனின் எல்லாம் அதற்கான கருவிகள். அவற்றின் மரபணுக்களை இயக்க எஸ்.ஆர்.எஃப். புரதத்தோடு மயோகார்டின் என்ற துணைப் புரதம் சேர வேண்டும். பி.டி.ஜி.எஃப். வந்தால் செல்லுக்குள் செய்தி கடத்தும் இ.ஆர்.கே. வழியாக எல்க்-1 என்ற புரதம் பாஸ்பேட் ஏற்று, மயோகார்டினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கருவிகள் குறையும், செல் பெருகும், நகரும். டி.ஜி.எஃப். பீட்டா என்ற இன்னொரு காரணி இதற்கு நேர்மாறாக ஆக்டினைக் கூட்டும்.

அது சரி, செல்லுக்கு ஊட்டும் சீரத்தை நிறுத்தினீர்களா? ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் பி.டி.ஜி.எஃப்.ஐக் கொட்டிவிடும், அந்த ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் சீரம். 1974இல் ரஸ்ஸல் ராஸ் குழு கண்டதே இதுதான்: சீரத்தில் குரங்கின் தசைச் செல்கள் நன்றாகப் பெருகின, தட்டணு நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து எடுத்த சீரத்தில் அப்படிப் பெருகவில்லை. 10 சதவீதச் சீரத்தில் ஊறிய செல்லுக்கு நீங்கள் ஊற்றிய துளி எம்மாத்திரம்?

குன்னூர் மாணவர்: செல் நலமாக இருப்பதை எப்படி அறிவது?

நுண்ணோக்கியில் பாருங்கள் தம்பி. தட்டு நிறைந்ததும் மேடும் பள்ளமுமாக, கேத்திப் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும்.

உதகை வாசகர்: இந்த உயரத்தில் ரத்தக்குழாய் தடிக்குமா?

உதகை சுமார் 2,240 மீட்டர். நுரையீரல் ரத்தக்குழாய்க்கு உயரத்தால் வரும் தொல்லை பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான்.

கூடலூர் வாசகி: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா?

இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருநாளும் கூடாது. நான் தட்டில் வளர்ந்த செல்லோடு பழகியவன்.

இன்னொரு மாணவர்: என் ஆக்டினும் குறைந்தது...

சீரம், சீரம்! ஒப்பீட்டுப் புரதமாகவும் ஆக்டினையே வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கோத்தகிரித் தேயிலை விவசாயி: நீங்கள் சொல்வது கவாத்து போல இருக்கிறது. வெட்டியதும் செடி கொழுந்தை மறந்துவிடுமே?

ரத்தக்குழாயில் காயம் பட்டதும் செல்லின் தொழில் மாறுவதால் நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்வேன்.

மீண்டும் அவர்: நான் கேட்டதே தப்பு ஐயா. செடி எதையும் மறக்கவில்லை. வேரில் சேர்த்த மாவுச்சத்தை எடுத்துத்தான் துளிர்க்கிறது. வேரில் மாவுச்சத்து வறண்டிருக்கும்போது வெட்டினால் செடியே போய்விடும்.

ஒப்புக்கொள்கிறேன். செல்லும் மறப்பதில்லை: ஆக்டின் குறைந்தாலும் அந்த மரபணு சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் பழைய தொழிலின் குறி ஒன்று தங்கிவிடுகிறது. இத்தனை ஆண்டு உவமையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்.

குன்னூர் மாணவர்: அப்படியானால் வேருக்கு ஈடு எது சார்?

நல்ல கேள்வி. விவசாயி ஐயா, கவாத்துக்கு முன் வேரில் மாவுச்சத்து இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்?

விவசாயி: வேரை அறுத்து அயோடின் விடுவோம். கருநீலமானால் வெட்டலாம்.